வாறன் என்று சொன்ன பொலிஸ்காரர்

சட்டம் படிக்கத் தொடங்கிய முதல் வருடத்தில் யாரையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நான் அந்த வருடம் தாங்க முடியாத ஆளாக இருந்தேன். பொலிசார் ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் தாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று அறிவிக்க வேண்டும் என வகுப்பில் படித்ததிலிருந்து, மீன்காரர் முதல் எங்கள் பூனை வரை எல்லோருக்கும் அதை விளங்கப்படுத்திவிட்டேன்.

அப்படியிருக்கையில்தான் திருகோணமலைத் துறைமுகத்தடியிலிருந்த எங்கள் வீட்டுக்கு, சாம்பல்தீவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். படத்தைப் பார்த்தபோதே எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று.

"இண்டைக்காவது சட்டம் கதையாத, பிள்ளை," என்று அம்மா கெஞ்சினார். ஓம் என்றேன்.

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது முன்வாசலில் ஓர் ஆண்குரல் கேட்டது: "வாறன்!"

(எங்கள் ஊரில் விடைபெறுகிறவர் 'போறன்' என்று சொல்லமாட்டார், அபசகுனம். 'வாறன்' என்றுதான் சொல்வார். வீட்டிலிருப்பவர் 'ஓம், வாங்கோ' என்று வழியனுப்புவார்.)

மாப்பிள்ளைதான் விடைபெறுகிறார் என்று நினைத்தேன். பெண்ணைப் பார்க்காமலே போகிறார்களா? ரோசத்தில், "ஓம் ஓம், வாங்கோ!" என்று கத்தினேன். பிறகு மனம் கேட்காமல், தட்டோடு அவர்களை மறிக்க ஓடினேன். எதிரே உள்ளே வந்துகொண்டிருந்த பொலிஸ்காரரின் மேல் தேத்தண்ணி முழுவதும் கொட்டியது.

மாப்பிள்ளை வீட்டார் கதிரைகளில் இருந்தபடியே வாயைப் பிளந்தார்கள். மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றினால்தானே!

"ஆர், ஏன் வந்தனீங்கள் எண்டு சொல்லாம உள்ள வர ஏலாது! சட்டம் தெரியுமோ?"

அவர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் புதிது. முகத்தைத் துடைத்தபடி, "தங்கச்சி, நான் 'வாறன்' சொன்னது. நீங்க 'ஓம், வாங்கோ' சொன்னது," என்றார். தடைசெய்த மீன்வலை தேடி வந்தாராம். அதுவும் பக்கத்து வீட்டுக்கு.

போகும்போது, பாவம், தெளிவாக 'போறன்' என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அம்மா தலையில் கைவைத்தார். மாப்பிள்ளையின் தாய் கைப்பையை எடுத்தார். மாப்பிள்ளை எழுந்து வெளியே நடந்தார். என் கல்யாணம் அவ்வளவுதான் என்று அழுகை முட்டியது.

வெளிவாசல் படலையடியிலிருந்து குரல் வந்தது:

"நான் மாப்பிள்ளை. பொம்பிளை பாக்க வந்தனான். உள்ள வரலாமோ?"

"ஓம், வாங்கோ," என்றேன். இந்த முறை மெதுவாக.

இன்றும் வேலை முடிந்து வந்தால், "நான் புருசன், சாப்பிட வந்தனான்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டுத்தான் உள்ளே வருவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கோபமான நாட்களில் நான் கதவைத் திறப்பதில்லை. அறிவித்த பிறகும் திறக்காவிட்டால் உடைக்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதை மட்டும் அவருக்கு நான் இன்னும் விளங்கப்படுத்தவில்லை.