லைன் போன புதன்கிழமை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சர்க்கரை இருக்கிறது என்று டாக்டரிடம் ஒப்புக்கொள்வது போலச் சொல்கிறேன். ஓட்டலில் தோசை சொல்லிவிட்டு அது வருவதற்குள் மூன்று முறை கை கழுவுவேன். லிப்ட் பொத்தானை யாரோ ஏற்கெனவே அழுத்தி அது எரிந்துகொண்டிருந்தாலும் நானும் ஒருமுறை அழுத்திவைப்பேன். தாராபுரத்தில் இருக்கும் என் அம்மா இதுவரை என்னிடம் பேசியதில் பாதி 'கம்முனு இரு கண்ணு' என்பதாகத்தான் இருக்கும். மீதிப் பாதி அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னது. அந்த வியாதி முற்றி, என் கல்யாணத்தையே கிட்டத்தட்டத் தின்றுவிட்ட கதை இது.

நான்கு வருடங்களுக்கு முன்பு நான் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தேன். அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. (சொந்தத் தப்பைக் கண்டுபிடிக்க அங்கே சம்பளம் கிடையாது.) ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பெயர் மைதிலி, கால்நடை மருத்துவர். நாங்கள் போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவளே வீட்டுக்கு வந்தாள். முழங்கையில் மாட்டுக்குப் பூசும் ஊதா மருந்து ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லாமல் வந்து உட்கார்ந்து, தாமதத்துக்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்னைத் தனியாகப் பேசக் கூப்பிட்டாள். பேசியதும் கொஞ்சம்தான்.

"ஏனுங்க, மாடு நேரங்காலம் பாத்துக் கன்னு போடறதில்லீங்க. நான் எங்காச்சும் ஒரு தோட்டத்துல மாட்டிக்கிட்டு இருப்பேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். போன் போட்டா எடுப்பீங்களா?"

"ஒரே ரிங்ல எடுப்பனுங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போனது. இந்தப் பெண் சரி என்று சொல்ல வேண்டுமே என்று அப்போதே நாள் எண்ண ஆரம்பித்தேன்.

கிளம்பும்போது அவள் அப்பா, புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, அன்றைக்குப் போன் பண்ணிச் சொல்கிறோம் என்றார். வழக்கப்படி பதில் என் அப்பாவுக்குத்தான் வர வேண்டும். எனக்கு அவ்வளவு தூரம் பொறுக்குமா? என் நம்பருக்கே கூப்பிடுங்கள் என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவர் தயங்கிவிட்டு, தன் நம்பரைக் கொடுத்து என் நம்பரை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது என் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் காரின் ஏ.சி. இன்னும் குளிர்ந்தது.

காரில் ஏறிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த வீட்டில் இருந்த இரண்டு மணி நேரமும் என் போனில் டவரே இல்லை. ஒரு கோடுகூட இல்லை. ஒரே ரிங்கில் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தவனுக்கு மாமனார் வீட்டில் ரிங்கே வராது. மைதிலியின் போனில் இருந்த சிம் கம்பெனிக்கு அங்கே வாழைத்தோப்புக்குள்கூட லைன் எடுத்தது. புதன்கிழமை வரை கம்மென்று இருக்க வேண்டிய நான், நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிவிடுவது என்று அவிநாசி தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், போனையும் மாற்றிவிடலாம் என்று, அறைக்குப் போனதும், அன்னூர்க்காரனான என் அறைத் தோழன் சொன்னான். (அவனுக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.)

அன்று ராத்திரி முழுக்க யூடியூபில் போன் விமர்சனங்கள் பார்த்தேன், எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில். பதினான்கு போன்களை எக்செல்லில் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டினேன். திங்கட்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு டவுன்ஹால் பக்கம் சலீம் பாய் கடைக்குப் போனேன். கல்லூரிக் காலத்தில் இருந்தே எனக்கு ரீசார்ஜ் செய்து கொடுத்தவர். ஏழு போன்களைக் கண்ணாடி மேஜையில் வரிசையாக வைத்தார். ஏழிலும் அவரைப் போட்டோ எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்றில் அழகாகச் சிரித்தார், நான்காவதில் பல் தெரியவில்லை, ஏழாவதில் ஆதார் அட்டையில் இருப்பது போல இருந்தார். கடைசியில் கேமராவை விட்டுவிட்டு, இருப்பதிலேயே வேகமானது எதுவோ அதைக் கேட்டேன். தொட்டவுடன் திறக்கும், அரை விநாடிகூடக் காக்கவைக்காது என்றார். அதையே எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி மாற்றுவதற்கான எழுத்து வேலையெல்லாம் முடித்து, புது சிம்மைக் கையில் கொடுக்கும்போது பாய் நிதானமாக ஒன்று கேட்டார்.

"தம்பி, பழைய லைன் போயி புது லைன் வர்றதுக்கு நடுவுல சில மணி நேரம் ஒண்ணுமே இருக்காதுங்க. ரெண்டு மூணு நாள்ல எப்பன்னு சொல்ல முடியாது. முக்கியமான போன் ஏதாச்சும் வர வேண்டியிருந்தா, அது வந்தப்புறம் மாத்திக்கலாமுங்க."

இந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். எனக்கு வெட்கம். பெண் வீட்டில் இருந்து போன் வர வேண்டும் என்று சொன்னால் கடையில் இருக்கிற நாலு பேரும் திரும்பிப் பார்ப்பார்களே. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை பாய் என்றேன்.

பழைய போனில் இருப்பதையெல்லாம் புதிதுக்கு மாற்ற முக்கால் மணி நேரம் ஆகும், டீ சாப்பிடுங்கள் என்றார். முக்கால் மணி நேரம்! எல்லாம் இன்டர்நெட்டில் ஏறியிருக்கும் பாய் என்று சொல்லி, பழைய போனை அப்படியே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். அவர் அதில் இருந்ததையெல்லாம் அழித்துச் சுத்தமாக்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்டர்நெட்டில் ஏறியிருந்தது ஒன்பது நம்பர்கள். அதில் ஒன்று கேஸ் ஏஜென்சி. மைதிலி வீட்டு நம்பர் இல்லை. போனால் போகிறது, அவர்கள்தானே கூப்பிடப்போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். செவ்வாய்க்கிழமை கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஏழெட்டுப் போன்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் மைதிலியின் அப்பா என்று நினைத்து எழுந்து நின்றேன். எரிச்சலில் செட்டிங்ஸைக் குடைந்தபோது, தெரியாத நம்பரில் இருந்து வரும் அழைப்புகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கும் வசதி ஒன்று கிடைத்தது. ஆனந்தமாக அதைப் போட்டுவைத்தேன். (மைதிலி வீட்டு நம்பரே இப்போது என் போனுக்குத் தெரியாத நம்பர்தான் என்பது அந்தத் தப்புக் கண்டுபிடிக்கும் நிபுணனுக்கு உறைக்கவில்லை.)

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு, ஆபீசில் கணினியைத் திறக்கும்போது லைன் போனது. புது சிம்மைப் போட வேண்டும். சிம் தட்டைத் திறக்கும் குச்சி அறையில். பக்கத்து மேஜைப் பெண்ணிடம் ஊக்கு வாங்கிப் போட்டேன். 'சேவை இல்லை' என்று வந்தது. அணைத்துப் போட்டேன். சேவை இல்லை. மொட்டை மாடிக்குப் போய், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்கு மூலைக்கும் நடந்தேன். புது போனில் இன்னும் தொடங்காத வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஓ.டி.பி. கேட்டது, ஓ.டி.பி. வர லைன் வேண்டும். அப்பாவின் நம்பர் மனப்பாடம், யாரிடமாவது போன் வாங்கிக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பதில் எனக்கே வரட்டும் என்று துள்ளியவன் எந்த முகத்தோடு கூப்பிடுவது? இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று மத்தியானச் சாப்பாட்டைக்கூட மாடியிலேயே நின்றுகொண்டு முடித்தேன்.

மூன்று மணிக்கு நான்கு கோடும் பளிச்சென்று வந்தன. உயிர் வந்தது. போனை மேஜை நடுவில் வைத்து, அது அடிப்பதற்காகக் காத்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் உருப்படியாகக் காத்திருந்தது அந்த மூன்று மணி நேரம்தான். அது அடிக்கவே இல்லை.

ஆறு மணிக்கு ஏதோ தோன்றி, வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்தேன். ஒரு நம்பர் மட்டும் நான்கு முறை. மூன்று பத்து, மூன்றரை, நாலே கால், ஐந்து. வசதி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. திரும்பக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் பயங்கரம் புரியாது. எங்கள் பக்கம் சம்பந்தம் வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அது மரியாதை இல்லை. 'பாத்துட்டுச் சொல்றோமுங்க' என்போம், பிறகு போனை எடுக்க மாட்டோம். எதிர்த்தரப்பும் புரிந்துகொண்டு, மேற்கொண்டு கேட்டுச் சங்கடப்படுத்தாமல் ஒதுங்கிவிடும். ஆக, அவர்கள் கணக்கில், காலையில் இருந்து மூன்று மணி வரை போனை அணைத்து வைத்திருந்த நான், பிறகு அதைப் போட்டு, நான்கு முறை அடிக்கவிட்டு எடுக்காமல் இருந்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒரு பெண்ணை வேண்டாம் என்று எங்கள் ஜில்லாவில் யாரும் சொன்னதில்லை.

பட்டியலில் அம்மாவின் நம்பரும் இருந்தது; மிஞ்சிய ஒன்பதில் அது இல்லாததால் அதுவும் சத்தமில்லாமல் ஒதுங்கியிருந்தது. கூப்பிட்டேன். கல்யாணத் தரகர் மூலமாகச் சேதி அதற்குள் தாராபுரம் போய்விட்டிருந்தது.

"நல்ல புள்ளைய வேண்டாம்னு சொல்லிப்போட்டயாமா கண்ணு?"

"நான் ஒண்ணுமே சொல்லலீங்கம்மா."

"அதைத்தான் அவியளும் சொல்றாங்க."

அப்பாவே பேசிப் பார்க்கட்டும், நீ கம்முனு இரு என்றாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் பைக்கில் சத்தி ரோட்டில் இருந்தேன்.

மைதிலி வேலை பார்க்கும் கால்நடை மருந்தகத்தில் விசாரித்து, அவள் போயிருந்த ஒரு தோட்டத்து மாட்டுக் கொட்டகையைக் கண்டுபிடித்தபோது எட்டரை. உள்ளே இருட்டு. தோள் வரை கையுறை போட்டு, கன்று ஈன முடியாமல் தவித்த ஒரு சிந்து மாட்டோடு அவள் போராடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிடம் திரும்பினாள். நான் கம்பெனி, சிம், ஊக்கு, செட்டிங்ஸ் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். நடுவில் மாட்டுக்காரர் வேறு, அது எந்தக் கம்பெனி என்று அக்கறையாகக் கேட்டார்.

"லைட்டைப் புடிங்க" என்றாள் மைதிலி.

புது போனின் டார்ச்சைப் போட்டுப் பிடித்தேன். சும்மா பிடிக்கத் தெரிந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்? இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு அடி முன்னால் போனேன். மாடு உதறியதில் என் கை தட்டுப்பட்டு, ஊரிலேயே வேகமான போன் தண்ணீர்த் தொட்டிக்குள் வேகமாகப் போனது. வெளிச்சம் தொட்டிக்கு அடியில் கொஞ்ச நேரம் தெரிந்து, அணைந்தது. மைதிலி முதல் முறையாகச் சிரித்தாள்.

அப்போது மூட்டை மேல் இருந்த அவளுடைய போன் அடித்தது. அவள் இரண்டு கையும் மாட்டோடு. "அதையாச்சும் எடுங்க" என்றாள்.

பாய்ந்து, ஒரே ரிங்கில் எடுத்தேன். மறுமுனையில் அவள் அப்பா. அம்மணி, சாப்பிட்டாயா என்று ஆரம்பித்தார். உங்கள் பெண் மாட்டோடு இருக்கிறாள், பேசுவது சரவணம்பட்டிப் பையன் என்றேன். பிறகு நேற்றைய கதை முழுவதையும் மறுபடி ஒப்பித்தேன். முடித்தபோது அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. போச்சு, இதிலும் லைன் போய்விட்டது என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"லைன்ல இருக்கீங்களா?" என்றார் அவர்.

"இருக்கனுங்க. இனி எப்பவும் இருப்பனுங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. இந்தவாட்டி போன் வேண்டாமுங்க. நேர்லயே பேசிக்கலாம்."

பிறந்தது கிடாரி, பெண் கன்று. நன்றாக இருந்தது.

இன்றைக்கும் மாமனார் போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பு 'மாப்ள, லைன்ல இருக்கீங்களா' என்றுதான் ஆரம்பிப்பார். விருந்தாளி யார் வந்தாலும் மைதிலி தொட்டிக்குள் டார்ச் எரிந்த கட்டத்தை நடித்தே காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய போனை நான்தான் எடுக்கிறேன். கோபி வட்டாரத்தில் சினை மாடு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் என் குரல் தெரியும்.

சில மாதங்களாக ஒரு பெண் என்னைக் கூப்பிடுகிறாள். நம்பர் மாறாமல் எங்கள் கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம், அதோடு புது போனுக்குச் சலுகையும் உண்டு என்கிறாள். ஒவ்வொரு முறையும் மரியாதையாக, பாத்துட்டுச் சொல்றேனுங்க என்கிறேன். அவள் நம்ம ஊர்ப் பக்கம் இல்லை போலிருக்கிறது, வாரம் தவறாமல் மறுபடி கூப்பிடுகிறாள். நானும் ஒரே ரிங்கில் எடுத்துவிடுகிறேன்.