நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு

எங்கள் பகுதியில் ஊசி போடாத பிள்ளை ஒன்றுகூட இல்லை என்பது அரசாங்கமே ஒத்துக்கொண்ட உண்மை. ரஜிதாவின் மகள் லோஜனா மட்டும் அந்த உண்மைக்கு ஒத்துழைக்காமல், பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் பொம்பளைப் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி அது. ரஜிதாவின் பெரியம்மாவைக் கொண்டுபோனது அந்த நோய்தான். ஆகவே அவள் பலாபத்வலையில் பஸ் மாறி மாறி மூன்று தடவை சுகாதார அலுவலகத்துக்கு அலைந்தாள்.

அங்கே இருந்த சபாரத்தினம் சேர் நல்ல மனிதர். ஃபைலையே திறந்து காட்டினார். வகுப்பில் நாற்பத்திரண்டு பொம்பளைப் பிள்ளைகள். நாற்பத்திரண்டு பேருக்கும் போட்டாயிற்று என்று அறிக்கை போயிருந்தது.

“அன்னைக்கு அவ வீட்டுல காய்ச்சல்ல கெடந்தா, சேர்.”

“இருக்கலாம் பிள்ளை. ஆனா இப்ப போட்டா நாப்பத்திமூண்டு ஆயிடும். நாப்பத்திரண்டு பிள்ளையளில நாப்பத்திமூண்டு பேருக்கு எப்பிடிப் போட்டனீங்கள் எண்டு மேலிடம் கேக்குமே.”

புதன்கிழமை விழிப்புணர்வுக் கூட்டம் இருக்கிறது, குறையை அங்கே வந்து சொல்லச் சொன்னார். ரஜிதா போனாள். வாசலில் கையெழுத்துப் போட்டால் தின்ன ஒரு பெட்டிஸ் பார்சல். தாளில் தலைப்பு இல்லை. அதைப் பிறகு ஆறுதலாக எழுதிக்கொள்வதுதான் அலுவலக வழக்கம்.

கூட்டத்தில் தாதி தங்கேஸ்வரி மிஸ்ஸி அழகாக விளக்கினார். கிருமி வந்தால் உடம்பின் காவல் அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்புமாம். இந்தப் புற்றைக் கொண்டுவரும் கிருமி சண்டைக்கே போகாதாம். சேதி போகும் வழியில் குந்திக்கொண்டு, ‘இங்கே ஒரு குறையும் இல்லை’ என்று காவல்காரன் பேரிலேயே சொல்லி அனுப்புமாம். காவல் படுத்துத் தூங்க, புற்று வளருமாம்.

சபாரத்தினம் சேருக்கு மனம் தாங்கவில்லை. உள்ளே இருந்துகொண்டே பொய்ச் சேதி அனுப்பினால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று கண்டித்துப் பேசினார்.

ரஜிதா எழும்பினாள். “அந்தக் கிருமி எந்த ஒபிஸ்ல வேலை பழகிச்சு, சேர்?”

மண்டபமே சிரித்தது. சேரும் சிரித்தார். பொதுமக்கள் ஆர்வமாகக் கேள்வி கேட்டார்கள் என்று குறித்தும் கொண்டார்.

அடுத்த வாரம் நாலாவது தடவையாகப் போனவளிடம் அந்தத் தாளை நீட்டினார். தலைப்பு வந்திருந்தது: ‘எமது பிள்ளைகள் அனைவருக்கும் ஊசி போடப்பட்டது. எமக்கு எவ்விதக் குறையுமில்லை.’

“பதினோராவது ஆர்ர கையெழுத்து, பிள்ளை?”

முழுப்பெயரையும் முத்து முத்தாக எழுதியிருந்தாள். அன்றைக்குக் கிடைத்த பெட்டிஸைக்கூட அவள் தின்னவில்லை, லோஜனாவுக்கென்று கொண்டுபோயிருந்தாள். அரசாங்கத்திடமிருந்து பிள்ளைக்கு வந்துசேர்ந்தது அது ஒன்றுதான்.