இல்லற சமாதானக் கமிட்டியின் பதினோரு மாதங்கள்

மனித குலம் இதுவரை செய்த யந்திரங்களில் தலைசிறந்தது கமிட்டி. நீராவி யந்திரத்துக்குக் கரி போட வேண்டும்; கமிட்டிக்குக் கருப்பட்டிக் காப்பி போதும். 1931-ஆம் ஆண்டில் எங்கள் ஊர்ச் சபையில் அமைந்த 'இல்லற சமாதானக் கமிட்டி'க்கு நான் காரியதரிசி. ஆகையால் அதன் உள்பாகங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். பொறுமையாகக் கேட்டால் உங்களுக்கும் விளங்கும்.

அங்கத்தினர் ஐந்து பேர். இருவர் பேசுவதற்கு, இருவர் தலையாட்டுவதற்கு, ஒருவர் எழுதுவதற்கு. ஆறாவதாக ஒருவரைச் சேர்த்தால் அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். யந்திரம் நின்றுபோகும்.

அடுத்தது, யந்திரத்தில் போட வேண்டிய சரக்கு. எங்களுக்குக் கிடைத்தது மிஷன் பள்ளி வாத்தியார் யோவானும் அவர் மனைவி ஜெபகுமாரியும். நாள் முழுவதும் சிலேட்டுகளுக்கு மார்க்குப் போட்டுப் பழகியவர் யோவான். ஒரு நாள் மனைவி வைத்த சாளை மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, நூற்றுக்கு முப்பத்தைந்து என்றார். அது 'பாஸ்'தான் என்று விளக்கவும் தொடங்கினார். விளக்கம் முடிந்தபோது ஜெபகுமாரி இரண்டு மைல் தள்ளிக் கொட்டாரத்தில், தாய் வீட்டில் இருந்தாள்.

பிரிந்தவர்கள் நேரில் பேசினால் சண்டை வளரும். ஆகவே எங்கள் முதல் விதி: சமாதானம் ஆகும்வரை இருவரும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. யோவான் சொல்ல நினைப்பதைத் தலைவர் ஜெயசிங்கிடம் சொல்ல வேண்டும். தலைவர் அதைக் கூட்டத்தில் வைப்பார். நாங்கள் திருத்துவோம், பிறகு கொட்டாரம் கொண்டுபோவோம். ஜெபகுமாரி சுகமாக இருக்கிறாளா என்று யோவான் ஒரு முறை கேட்டார். அது எங்கள் கையில் 'எதிர்த்தரப்பின் தேக நிலை பற்றிய விசாரணை'யாகி, மூன்றாவது வாரம் அவளைப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அவளுக்கு வந்த காய்ச்சல் குணமாகியிருந்தது. கமிட்டியின் பலனை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

போன இடத்தில் ஜெபகுமாரியின் தாய் நேசம்மாள் இலை போட்டாள். குழம்பு மகள் வைத்தது. வழக்கின் முக்கிய சாட்சியம் குழம்பு என்பதால், சாப்பிட்டுப் பார்க்காமல் விடுவது கடமை தவறுவதாகும். ஒரே ஒரு நாள் சாப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதோ அநியாயம். பதினோரு மாதம், செவ்வாய்க்கிழமைதோறும் சாப்பிட்டோம்.

பதினோராம் மாதத்தில் ஒரு கோளாறு ஏற்பட்டது. தலையாட்டும் அங்கத்தினர் செல்வன், திங்கட்கிழமை போக வேண்டிய விசாரணைக்குக் கிழமை மறந்து சனிக்கிழமையே யோவான் வீட்டுக்குப் போய்விட்டார். அடுக்களையில் யோவான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். ஜெபகுமாரி காலை நீட்டி உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தாள். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விசாரித்ததில், ரேந்தை என்ற லேஸ் பின்ன நூல் வாங்கக் கோட்டாற்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அவள் அங்கேதான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. இப்போது அவளுக்கு நாலு மாதம்.

என் நிலையை நினைத்துப் பாருங்கள். 'இருவரும் சந்திக்கவில்லை' என்று நடவடிக்கைப் புத்தகத்தில் நாற்பது இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவசரக் கூட்டம் தலைவர் வீட்டில் கூடியது. கணவன் மனைவி இருவரையும் வரவழைத்தோம். யோவான் கேட்டது ஒன்றே ஒன்று. கமிட்டி 'சமாதானமாயிற்று' என்று எழுதித் தர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால், பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் இருக்காது.

தலைவர் அதில் ஒரு சட்டச் சிக்கலைக் கண்டார்.

"வாத்தியாரே, சண்ட இருந்தாத்தான சமாதானம் பண்ண முடியும்? இல்லாத சண்டைய நாங்க எப்பிடித் தீக்க? எங்க முன்னால ஒரு தடவ சண்ட போடுங்க. முறையா தீத்து வைக்கோம்."

பிள்ளைக்காக அவர்கள் இதற்கும் சம்மதித்தார்கள். யோவான் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏட்டி, அண்ணைக்கு நீ வச்ச கொழம்புல உப்பு…" என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்தார். "உப்பு சரியாத்தான் இருந்துது."

ஜெபகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்படிச் செய்தால் வழக்கு உருப்படாது என்று தலைவர் தாமே எழுந்து சண்டை போடும் முறையைச் செய்து காட்டினார். சொந்த வீட்டில் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன முடிகிறதா என்று தொடங்கி, கால் மணி நேரம் மூச்சு விடாமல் பொழிந்தார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி நேசபாய், தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் நின்று வரிக்கு வரி பதில் சொன்னாள். அது செய்முறைப் பாடம் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கே அவள் திற்பரப்பில் இருக்கும் தாய் வீட்டுக்குப் புறப்பட்டாள். கமிட்டிக்கு இரண்டாவது வழக்குக் கிடைத்தது.

அப்போதுதான் ஜெபகுமாரி பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"இவரு முப்பத்தஞ்சு மார்க்காவது போட்டாரு. நீங்க அஞ்சு பேரும் பதினோரு மாசமா தின்னியளே, ஒத்த மார்க்கு போட்டியளா?" பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்க. ஐயர்கிட்ட நாமளே கேப்போம்."

கேட்டார்கள். சபைப் பாதிரியாரான ஐயர் நடவடிக்கைப் புத்தகத்தை வரவழைத்தார். நானே பட்டுத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன். இருநூறு பக்கம், எல்லாம் முத்து முத்தான கையெழுத்து. ஐயர் முதல் பக்கத்தை மட்டும் படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. உடனே பேனாவை எடுத்து அவர்கள் கேட்ட காகிதத்தை எழுதிக் கொடுத்து, இருவரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிறகு புத்தகத்தை மூடி, பட்டுத்துணியோடு என்னிடமே நீட்டினார்.

கமிட்டி எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தது என்று பிற்காலத்தவர் அறிய வேண்டாமா? அந்த முதல் பக்கத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே தருகிறேன்:

"பிரிந்த மூன்றாம் நாள். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்துவர, ஒரு குலை மட்டி வாழைப்பழத்தோடு கொட்டாரம் போய்க்கொண்டிருந்த யோவான் வழியில் தடுத்து நிறுத்தப்பட்டார். சமாதானம் முறைப்படி நடக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த இடத்திலேயே கமிட்டி அமைக்கப்பட்டது. தீர்மானம் ஒன்று: குலையைக் கமிட்டி ஏற்றுக்கொள்கிறது. ஏகமனதாக நிறைவேறியது. பழம் நன்றாக இருந்தது."