மீட்டர்ப் பெட்டியில் ராகு

மேலக்கால்குடிக்குக் கரண்ட் வந்தால் அது செய்தி. விசைச்சித்தர் வந்தால் அது திருவிழா.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு அது. அரசாங்கம் வீட்டுக்கு வீடு மிக்சி கொடுத்தது, கிரைண்டர் கொடுத்தது, மின்விசிறி கொடுத்தது. அவற்றைச் சுற்றவைக்கும் சமாச்சாரத்தை மட்டும் கொடுக்க மறந்துவிட்டது. போனால் ஒரேயடியாக மூன்று மணி நேரம் போகும். வந்தால், போவதற்காக வரும். அந்தச் சமயத்தில்தான் "கரண்ட்டுக்கும் ஜாதகம் உண்டு" என்று பேனர் கட்டிய வேனில் சித்தர் வந்து இறங்கினார். ஊர்முனையில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள் எதிரெதிரே நிற்கும். இரண்டு கட்சியுமே பகுத்தறிவுப் பாசறையில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்பவை. வேன் நிற்க அவர்கள் சேர்ந்து நிழல் பார்த்து இடம் ஒதுக்கியது இரண்டு கம்பங்களுக்கும் நடுவில். வேறு எந்த விஷயத்திலும் அந்த இரண்டு கட்சிக்காரர்களும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

சித்தரின் தொழில் இதுதான். மஞ்சள் கயிற்றில் ஒரு செம்புக் குண்டு. கொத்தனார் சுவருக்குத் தூக்குப் பார்ப்பாரே, அதேதான். குங்குமம் வைத்ததும் அது மின்குண்டு ஆகிவிட்டது. குடும்பத் தலைவரின் நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு அதை மீட்டர்ப் பெட்டிக்கு முன்னால் தொங்கவிடுவார். பெட்டிக்குள் ராகு உட்கார்ந்திருக்கிறாராம். குண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அத்தனை பேட்டரி போட்டால்தான் இன்வெர்ட்டர் நிலைக்குமாம். ஒன்று குறைந்தாலும் ராகு கோபித்துக்கொள்வார்.

பேட்டரி எங்கே கிடைக்கும்? வேனுக்குப் பின்னாலேயே வந்த சிங்காரவேலுவின் கடையில். கையில் காசு இல்லையா? கவலை வேண்டாம், நிலத்தை அவரிடமே ஒத்தி வைக்கலாம். கடனைத் திருப்பும்வரை அவர் உழுவார், அவர் அறுப்பார். குறி, சரக்கு, கடன் மூன்றும் ஒரே இடத்தில். நானும் எத்தனையோ கடைத்தெருவைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு வசதியைப் பார்த்ததில்லை.

ராசம்மாள் வீட்டில் குண்டு ஒன்பது சுற்றியது.

ராசம்மாளுக்கு வேதாரண்யத்திலிருந்து கருவாடு எடுத்துவந்து சந்தையில் விற்கும் தொழில். புருஷன் செல்லதுரைக்கு இழுப்பு நோய். மூச்சு முட்டும்போது மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷினைப் போட வேண்டும்; மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். அதற்காகத்தான் இன்வெர்ட்டர். அவளிடம் இருந்த ஒரே சொத்து அரை ஏக்கர். கூலிக்காரராக இருந்த அவள் அப்பா, நிலம் கேட்டுக் கொடிபிடித்து, ஜெயிலுக்குப் போய் வந்து வாங்கிய அரை ஏக்கர். அது யாரிடமிருந்து வந்தது என்கிறீர்களா? சிங்காரவேலுவின் தகப்பனாரிடமிருந்து. சட்டம் பிடுங்கியதைப் பேட்டரி திருப்பிக் கொடுக்கப் பார்த்தது.

"ஒன்பதா சாமி?" என்றாள் ராசம்மாள். சந்தை வாய் சும்மா இருக்குமா? "ஆறாப் போட்டுக் குடுங்க."

சித்தர் கண்ணை மூடினார், திறந்தார். "நோயாளி இருக்கிற வீடு. உனக்காக ஏழு."

"சரி, ஏழு." ராசம்மாளுக்கு ஏக சந்தோஷம். சாமியிடமே இரண்டு குறைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ஒத்திப் பத்திரம் என்று முடிவாயிற்று.

மறுநாள் சந்தையில் ஒருவன் வாளைக் கருவாட்டைத் தராசில் வைத்துவிட்டு, "ஒரு கிலோ காட்டுதே, முக்கால்னு வச்சுக்க" என்றான்.

"வெலையக் கொறைக்கச் சொல்லு, கொறைக்கிறேன்" என்றாள் ராசம்மாள். "எடைய எப்படிடா கொறைப்பேன்? தராசு உன் மாமனா?"

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் கருவாட்டை வாங்கிக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் நேரே தையல்கடை ஹமீதா பானுவிடம் போனாள். அந்த ஊரில் சித்தர் வருவதற்கு முன்பே இன்வெர்ட்டர் போட்டவள் அவள்தான்.

"ராகு ஒன் வீட்டு மீட்டர்ல இல்லையா பானு?"

"எங்க வீட்டுக்கு அவரு எப்படிக்கா வருவாரு?" என்று சிரித்தாள் ஹமீதா. "ஒரே பேட்டரிதான். கரண்ட் இல்லாதப்ப எது எது ஓடணுமோ, அத மட்டும் கரண்ட் இருக்கிறப்ப ஓட விட்டு மீட்டரப் பாத்தோம். பெரிய பேட்டரி ஒண்ணு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலயே தாங்கும். அம்புட்டுதான்."

"தட்டுல வேண்டியத மட்டும் வச்சு நிறுக்கிற மாதிரி."

"அதேதான்."

மறுநாள் கரண்ட் இருந்த நேரத்தில் ராசம்மாள் பிரிட்ஜைப் பிடுங்கினாள், மோட்டாரை நிறுத்தினாள், மிக்சியைத் தொடவில்லை. இரண்டு ஃபேன், இரண்டு டியூப்லைட், நடுவில் கொஞ்ச நேரம் செல்லதுரையின் மெஷின். மூன்று மணி நேரம். மீட்டர் ஒரு யூனிட்டைக்கூடத் தொடவில்லை.

"ஒண்ணு போதுங்க" என்றாள் புருஷனிடம்.

"சாமி சொன்னத மீறி ஒண்ணு வச்சு, எனக்கு நடுவுல மூச்சு நின்னா?" என்றான் செல்லதுரை. "நெலம் என் உசுரவிடப் பெருசா உனக்கு?"

இதற்கு எந்த மீட்டரும் பதில் சொல்லாது. பயத்தை அளக்க யூனிட் கிடையாது. அந்தத் தெருவில் இன்னும் பலர் அதே வெள்ளிக்கிழமை அதே பத்திர ஆபீசுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். தன் புருஷன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவான் என்று ராசம்மாளுக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை வேன் வந்ததும் அவளே முன்னால் போய்க் கும்பிட்டாள். "சாமி, எங்க தெருக்கோடியில கண்ணுசாமி அண்ணன் வீடு. அவரு சிங்கப்பூர்ல இருக்காரு, வசதிக்குக் கொறைவில்ல. அதுக்கும் ஒரு தடவ குண்டு போட்டுடுங்க."

சிங்கப்பூர் என்ற சொல் காதில் விழுந்ததும் சித்தரின் நடையில் ஒரு வேகம் வந்தது. சிங்காரவேலுவும் கூடவே நடந்தார். பின்னால் ஊரே நடந்தது. செல்லதுரையும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான்.

வீடு பூட்டிக் கிடந்தது. வாசல் சுவரில் மரப்பெட்டி, கதவு சாத்தியிருந்தது.

"நட்சத்திரம்?"

"பூரட்டாதி" என்று ராசம்மாள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

குண்டு சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "பதினொண்ணு" என்றார் சித்தர். "உள்ள கரண்ட் கொந்தளிக்குது. எனக்குக் கையெல்லாம் சுள்ளுங்குது."

"வசதியானவரு சாமி. ஒண்ணு கூட்டிக்கலாமா?"

"கூட்டினா தோஷமில்ல. பன்னிரண்டு."

"ரொம்ப சந்தோஷம்" என்ற ராசம்மாள் பெட்டியின் கதவைத் திறந்தாள்.

உள்ளே மீட்டரே இல்லை. கண்ணுசாமி கிளம்பிப்போன மறு வருஷமே மின்வாரியத்து ஆட்கள் அதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கம்பத்திலிருந்து வந்த வயரையும் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பெட்டிக்குள் இருந்தது ஒரு குருவிக்கூடு. அதில் நான்கு முட்டை.

கூட்டம் முட்டிமோதிக்கொண்டு எட்டிப் பார்த்தது. சித்தர் குண்டை மடியில் செருகிக்கொண்டார். "இது சூட்சும கரண்ட். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது."

"இருக்கட்டும் சாமி" என்றாள் ராசம்மாள். "எனக்கு ஒன்பதுன்னீங்க, பேரம் பேசினதும் ஏழாச்சு. இங்க பதினொண்ணுன்னீங்க, கேட்டதும் பன்னெண்டாச்சு. வெலையில பேரம் உண்டு. அளவுல பேரம் உண்டா? களத்துல நெல்ல அளக்கிறவன் ஒருத்தன் இப்படி அளந்தா, மரக்காலப் புடுங்கிக்கிட்டு வெரட்ட மாட்டீங்களாய்யா?"

"ராசம்மா, சாமி விஷயத்துல கிண்டல் ஆகாது" என்றார் சிங்காரவேலு.

"கிண்டல் இல்லீங்க. பன்னெண்டு பேட்டரியும் எடுத்துட்டு வாங்க. குருவிதான் வாடிக்கையாளர். ஒத்திக்கு அதுக்கிட்ட நெலம் இருக்கான்னு கேட்டுக்குங்க."

முதலில் சிரித்தது செல்லதுரை. சிரிப்பு இருமலாயிற்று, இருமல் மறுபடியும் சிரிப்பாயிற்று. "எனக்கு ஒண்ணு போதும்" என்றான் சிங்காரவேலுவைப் பார்த்து. "அதையும் மன்னார்குடியில வேற கடையில வாங்கிக்கிறேன்." அதற்குப் பிறகு தெருவே சிரித்தது. முந்தின நாள் காலில் விழுந்தவர்கள்தான் அதிக சத்தமாகச் சிரித்தார்கள். அது எப்போதும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசில் சிங்காரவேலு தனியாக உட்கார்ந்திருந்தார். அரை ஏக்கரில் ராசம்மாள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள்.

சித்தர் இப்போது வேறு பக்கம் போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்க்கிறாராம். அதே குண்டு, புதுக் குங்குமம். உங்கள் ஊருக்கும் வருவார். காலில் விழ வேண்டுமென்றால் தாராளமாக விழுங்கள், இடுப்பு உங்களுடையது. எழுந்த பிறகாவது பெட்டியைத் திறந்து பாருங்கள். குருவிக்கே தெரியும், அதற்குள் ராகு இல்லை என்று. இல்லாவிட்டால் அங்கே போய் முட்டையிடுமா?