பத்துத் தட்டும் பொடிப்பொடி

"ஒரே ஒரு தட்டு உடைச்சுக் காட்டறேன். காட்டிட்டா ஆயுசு பூரா ஞாயித்துக்கிழமை என்னுது!" மார்ல தட்டிச் சொன்னேன்.

"உடைக்கலேன்னா?" இது பொண்டாட்டி.

"துப்பாக்கிய வித்துடறேன். ஞாயித்துக்கிழமை பூரா உங்கம்மா பேசறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"ரெண்டு காதாலயுமா?"

"ரெண்டாலயும்."

சங்கதி இதுதான். எங்க கிளப்புல ஒருத்தர் எந்திரத்துல களிமண் தட்டை வானத்துல வீசுவார். நாம சுட்டு உடைக்கணும். என்னோடது கொள்ளுத்தாத்தா காலத்துத் துப்பாக்கி. குழல் வாயில கருமருந்தைக் கொட்டணும். அடைப்பு வச்சுக் கம்பியால குத்தணும். ஈயக்குண்டுப் பையைக் கவுக்கணும். மறுபடி அடைப்பு. சுட்டா ஒரே புகை! தட்டு உடைஞ்சுதா, ஊர்வலம் போயிடுச்சான்னு சுட்டவனுக்கே தெரியாது. ஆறு மாசமா நான் மானத்தோட இருந்தது அந்தப் புகையாலதான்.

பந்தயம்னு ஆனப்புறம் சும்மா இருக்க முடியுமா? தட்டு வீசறவரைத் தனியாப் பிடிச்சேன். என் புது மழைக்கோட்டை அவர் தோள்ல போட்டேன்.

"அண்ணே, கீறல் விட்ட தட்டு ஒண்ணு வீசுங்க. கிளம்பும்போதே பொலபொலன்னு உதிரணும்."

"கவலைய விடுங்க தம்பி."

ஞாயித்துக்கிழமை. டமால்! புகை. இருமல்.

"உடைஞ்சிடுச்சுங்க!" பொண்டாட்டி குரல்.

டமால்! "இதுவும்!"

டமால்! "ஐயோ, இதுவுமா!"

பத்துக்குப் பத்து! மழைக்கோட்டு ரொம்பப் பிடிச்சுப் போச்சு போல, மனுஷன் ஒண்ணுகூட நல்ல தட்டு வீசல. கிளப் செக்ரட்டரி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"எப்படி சார்? எப்படி சார்?"

"பயிற்சி சார். கொஞ்சம் ரத்தத்துலயும் இருக்கு."

அவர் அந்தப் பக்கம் போனதும் பொண்டாட்டி வந்தா. குரல்ல தேன் சொட்டுது. அந்தக் குரல் கேட்டாலே நான் பர்ஸைத் தொட்டுப் பாத்துக்குவேன்.

"என்னங்க, அந்தக் குண்டுப் பையைக் கொஞ்சம் குடுங்களேன்."

"எதுக்கு?"

"வீட்ல ஒரு மணி கடுகு இல்ல."

"கடுகா?"

"காலைல ஈயத்தைக் கொட்டிட்டு அதுல கடுகைத்தானே ரொப்பினேன்."

பை லேசாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் கைல பலம் ஏறிடுச்சுன்னு நினைச்சேன்.

"அடிப்பாவி! இது மோசடி! செக்ரட்டரிகிட்டச் சொல்றேன் பாரு!"

"சொல்லுங்களேன். 'சார், நான் கடுகாலயே பத்துத் தட்டை உடைச்சேன்'னு சொல்லுங்க. நானும் கூட நிக்கிறேன்."

பையைக் கழட்டி அவ கைல குடுத்தேன்.

அதுக்குள்ள செக்ரட்டரியே திரும்ப வந்துட்டார். "சார்! அடுத்த ஞாயிறு பக்கத்து ஊர் கிளப்போட பெரிய போட்டி. நம்ம கிளப்புக்கு நீங்கதான் சுடறீங்க. தட்டு, தட்டு வீசற ஆளு எல்லாம் அவங்களே கொண்டு வர்றாங்க!"

பொண்டாட்டி என்னைப் பாத்தா. நான் தரையைப் பாத்தேன்.

"ஞாயித்துக்கிழமையா? ஐயோ, முடியாது சார். மாமியார் பேசுவாங்க. நான் பக்கத்துல இல்லேன்னா பாவம், ஏங்கிப் போயிடுவாங்க."