நாலாம் கேட்டில் ஈ கூட நுழையாது

“அப்போ பின்வாசல் வழியா வந்தா யார் கண்ணுலயும் படாம போயிடலாமா?” என்று கேட்டபடி மாப்பிள்ளையின் அப்பா பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

“தாராளமா, அண்ணா! நாலாம் கேட்டுக்குப் பக்கத்துல சுவர் ஒரு மடிப்பு மடியும். அங்க நின்னா கடவுளுக்கே தெரியாது” என்றாள் பெண்ணின் அம்மா.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பிரம்மாண்டமான அரசாங்கக் கட்டடத்தின் நாலாம் கேட்டில், பெண்களைச் சோதனை போடும் திரைக்குப் பின்னால் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கதையைக் கேட்க நாதியில்லை. அவள் வாயைத் திறந்தால் மகள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். இன்றைக்குத்தான் ஒருவர் தோண்டித் தோண்டிக் கேட்கிறார், அதுவும் மகள் ஆசைப்பட்ட பையனைப் பெற்றவர்.

வெளியே காலையிலிருந்து ஓயாத மழை. மகளுக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால் இனி என்னிடம் கல்யாணப் பேச்சே எடுக்காதே என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

“கேமரா இருக்குமே?”

“அது இருக்கு. கீழ்த்தளத்துல ஒரு ரூம்ல எவனோ உட்கார்ந்து பார்ப்பானாம். நாங்க யாரும் மூஞ்சிய பார்த்ததில்ல. ஆந்தைன்னு பேரு வச்சிருந்தோம். தூங்குமூஞ்சி ஆந்தை!”

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் புரையேறியது. மாப்பிள்ளையின் அப்பாவின் பிஸ்கட் ஒடிந்து டீக்குள் முழுகிப்போனது.

“ஏய், இங்க வா. சர்க்கரை டப்பா எங்க?” என்று சமையலறையிலிருந்து அவளுடைய அக்கா கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் டப்பா அக்காவின் கையிலேயே இருந்தது.

“மூளை இருக்காடி உனக்கு? சம்பந்தம் பேச வந்த மனுஷன் பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேட்டாரா? பின்வாசலாம், கேமராவாம்! போன வாரம் அந்தக் கட்டடத்துல ஃபைல் திருடு போச்சுன்னு டிவில கத்தினாங்களே!”

“அவர் கரண்ட் ஆபீஸ்ல இருந்தவருக்கா. பையனே சொன்னான்.”

“சொன்னான். நீ போய்ப் பார்த்தியா? உள்விஷயம் எதையும் வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்டுட்டு வந்தவதானே நீ? நாளைக்கு போலீஸ் உன்னைத்தான் அள்ளிட்டுப் போகும். பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நீ கம்பி எண்ணப் போறியா?”

கொட்டியதையெல்லாம் எப்படித் திரும்ப அள்ளுவது? முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“அண்ணா, நான் சொன்னேனே பின்வாசல்… அதை அடைச்சுட்டாங்க.”

“எப்போ?”

“கட்டும்போதே.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அது பக்கத்துல மாடிப்படி?”

“படியே கிடையாது. லிஃப்ட்தான்.”

“கரண்ட் போச்சுன்னா?”

“போச்சுன்னா… அவங்கவங்க அங்கங்கயே இருந்துடுவாங்க.”

மகளுக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா உளர்றே? அந்தப் படியில உருண்டுதானே காலை ஒடிச்சுக்கிட்டே?”

“அது நம்ம வீட்டுப் படிடீ.”

“நம்ம வீட்டுல ஏதும்மா படி?”

அவள் மகளை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். “உள்ளதைச் சொல்லணும்னா, அண்ணா, நான் அங்க ஒழுங்கா வேலைக்கே போனதில்ல. பாதி நாள் லீவுதான்.”

சமையலறை வாசலில் அக்கா திருப்தியாகத் தலையாட்டினாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த நாலாம் கேட்டுல பூனை ஏதாவது வருமா?” என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒற்றைக் கண் பழுப்புப் பூனை. சுவர் மடிப்பில் ஒளிந்து நின்று தினமும் தன் சாப்பாட்டில் பாதியை அதற்கு வைத்திருக்கிறாள். தெரிந்திருந்தால் வேலையே போயிருக்கும். பெற்ற மகளிடம்கூட மூச்சுவிட்டதில்லை. ஓய்வு பெற்ற அன்று அழுததும் அந்தப் பூனைக்காகத்தான். அதைக்கூட வேவு பார்த்திருக்கிறான் என்றால் இவன் சாதாரணத் திருடன் இல்லை!

“பூனையா? நாலாம் கேட்டுல ஈ கூட நுழையாது. எனக்குப் பூனைன்னாலே ஆகாது. கண்டா கல்லால அடிப்பேன்!”

அவர் எழுந்தார். மனைவியிடம், “கிளம்பலாம்” என்றார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசலில் குடை இருந்ததையும் கவனிக்காமல் மழையில் இறங்கி நடந்தார்.

உள்ளே மகள் அறைக்கதவின் தாழ்ப்பாள் விழுந்தது.

“தப்பிச்சோம்” என்றாள் அக்கா.

அழைப்பு மணி அடித்தது. நனைந்த தலையோடு மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தாள். வரும்போது வாய்க்கு வாய் ‘சம்பந்தியம்மா’ என்றவள், இப்போது முறை எதுவும் வைக்காமல், “குடையை விட்டுட்டோம்” என்றாள்.

எடுத்துக் கொடுத்தபோது வந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. “ஏங்க இப்படி ஒண்ணு மாத்தி ஒண்ணு பொய் சொன்னீங்க? கரண்ட் ஆபீஸ்னு நாங்க எங்க பையன்கிட்டயே சொல்லி வச்சிருக்கோம். அவரும் கையெழுத்து போட்டவர்தான். பையன் உங்க போட்டோவ காட்டினதும், ‘நாலாம் கேட்டம்மா வீடா? கண்ணை மூடிக்கிட்டுச் சம்மதம்’னார். நீங்க வாய் திறந்து சொல்லி ஒரு தடவை கேக்கணும்னு ஆசையா வந்தார். இப்போ வேண்டவே வேண்டாம்னு தெருமுனையில நனைஞ்சுக்கிட்டு நிக்கறார்.”

“எதைக் கேக்கணும்னு?”

மாப்பிள்ளையின் அம்மா குடையை விரித்தாள்.

“நீங்க அந்தப் பூனைக்குச் சோறு வைக்கறப்பல்லாம், கேமராவ வேற பக்கம் திருப்பி வச்ச ஆந்தை அவர்தாங்க.”