மச்சானைத் தோற்கடித்த சாட்சி

ஒரு பைசா தருவதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமான இருபது வருஷத்தில் நான் எடுத்த முதல் முடிவு. மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாமனார் இறந்த மூன்றாவது மாதம் மச்சான் வழக்குப் போட்டான். நாங்கள் வீடு வாங்கியபோது மாமனார் கொடுத்த எட்டு லட்சம் கடனாம். வாரிசான அவனுக்கு அதில் பாதி வரவேண்டுமாம். அவனுடைய டயர் கடை முழுகிவிட்டது. கடைக்குப் பின்னால் ஒரே அறையில் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு கிடந்தான். பாவம்தான். பாவத்துக்கு நாலு லட்சமா?

வக்கீல் வழி சொன்னார்.

"வீடு யார் பேர்ல?"

"அவ பேர்ல. பத்திரச் செலவு குறையும்னாங்க."

"நல்லதாப் போச்சு. வீட்டு விலையில பாதி உங்க பணம்னு சொன்னா, மீதி நீங்க வாங்கின கடன்னு தோணும். மொத்தமும் அப்பா மகளுக்குக் கொடுத்த அன்பளிப்புன்னா வழக்கே நிக்காது."

பாதி என் பணம்தான். பதினெட்டு வருஷம் சிமெண்டுக் கிடங்கில் தூசி தின்று சேர்த்தது. இருமல் மட்டும் இன்னும் மிச்சம்.

மனைவியிடம் கேட்டேன்.

"பொய் சொல்லணுமே?"

"ஏன், என்கிட்ட சொல்லிப் பழகலையா?"

"உன் தம்பி நடுத்தெருவுல நிப்பானே?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க திக்காம சொல்லுங்க."

திக்காமல் சொன்னேன். "என் காசு ஒரு பைசாகூட இல்லீங்க." எதிரே மச்சான் நகத்தில் ஏறிய டயர்க் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வழக்குத் தள்ளுபடி. வெளியே படியில் உட்கார்ந்து அழுதான். நான் பார்க்காதது போல பஸ் ஏறினேன்.

பத்தாம் நாள் சாப்பாட்டு மேஜையில் முத்திரைத்தாள் கிடந்தது.

"என்ன இது?"

"வீட்டுல பாதியைத் தம்பி பேருக்கு எழுதிட்டேன். நாளைக்கு வர்றாங்க. முன் ரூமைக் காலி பண்ணுங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"உங்க காசு இருந்திருந்தா கேட்டிருப்பேன்."

"நாலு லட்சம் கேட்டவனுக்குப் பாதி வீடா? இது கடனா, அன்பளிப்பா?"

"கேஸ் போடுங்க. ஜட்ஜ் சொல்லுவார்."

வக்கீலிடம் ஓடினேன். அவர் என் சாட்சியத்தின் நகலை எடுத்து நீட்டினார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று புலம்பக்கூட வழியில்லை. எனக்குச் சொந்தக் காசே கிடையாது என்று கோர்ட்டில் பதிவாகியிருக்கிறது.